பெயர் எழுதாத நோட்டு

ஒரு தெருவுக்குப் புதிதாக ஒரு போதை வந்திருக்கிறது என்றால் அது முதலில் யாருக்குத் தெரியும்? காவல் நிலையத்துக்கு என்று நினைப்போம். இல்லையென்றால் மருத்துவமனைக்கு. உண்மையில், மகனின் சட்டையை ஊறப்போடும் முன் பையைத் துழாவுகிற அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்து, பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் விடிகாலையில் பெருக்குகிற தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். அதற்கடுத்து மெடிக்கல் கடையில் நிற்கிற பெண்ணுக்கு. போலீஸ், பத்திரிகை, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். சில சமயம் ஒரு வருடம் பிறகு.

நான் அந்த மூன்றாவது ஆள். டி.பார்ம். முடித்து ஆறு வருடம் பெரம்பலூரில் வேலை பார்த்தேன். இப்போது அரியலூரில் ஐந்தாவது வருடம். சொந்த ஊர் குன்னம் பக்கம், பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரிக் காடு. பெண்பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும், ஆனால் கண்ணுக்கு எட்டாத தூரம் அனுப்பக் கூடாது என்று நினைக்கிற எங்கள் ஊர் வீடுகளில் நர்சிங் அல்லது பார்மசிதான் முடிவாகும். அதனால்தான் சாயங்கால நேரத்தில் எந்த மெடிக்கலைப் பார்த்தாலும் கவுண்டரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் நிற்பார்கள். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பார். அவர் பணத்தைப் பார்ப்பார், நாங்கள் ஆட்களைப் பார்ப்போம்.

ஒரு மாத்திரை போதையாக மாறுவதைக் கவுண்டரில் நின்று பார்த்தால் அதற்கு ஒரு வரிசை இருப்பது புரியும். முதலில் யாரோ ஒருவர் சீட்டில்லாமல் வந்து அதன் பெயரைச் சொல்லிக் கேட்பார். உண்மையில் வலி உள்ளவர்கள் அப்படிக் கேட்பதில்லை. “இடுப்பு புடிச்சிக்கிச்சும்மா, ஏதாவது குடு” என்பார்கள். மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் தெரிந்து வருகிறவருக்கு இடுப்பில் வலி இருப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் அதே பெயரை நாலைந்து பேர் கேட்பார்கள். பிறகு ஒரு சீட்டு வரும். அதன் ஜெராக்ஸ் வரும், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ் வரும். ஒவ்வொன்றிலும் டாக்டரின் கையெழுத்து மங்கிக்கொண்டே போகும். அதற்கும் அடுத்து, மாத்திரையோடு சிரிஞ்சும் கேட்பார்கள்.

கடைசியில் ஒருநாள் திடீரென்று யாரும் வர மாட்டார்கள். “அப்பாடா, ஒழிஞ்சானுங்க” என்பார் முதலாளி. எனக்கு அப்போதுதான் பயம் வரும். கேட்டு வந்தவன் நின்றுவிட்டால் பழக்கத்தை விட்டுவிட்டான் என்று பொருள் இல்லை. அவனுக்கு வேறெங்கோ தட்டில்லாமல் கிடைக்க ஆரம்பித்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

ட்ராமடால் என்று ஒரு வலி மாத்திரை உண்டு. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் புற்றுநோய் வலியில் இருப்பவர்களுக்கும் அது தேவையான மருந்து. அதைப் போதைக்குப் பயன்படுத்துவது பெருகியதால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். கவுண்டரில் அந்தப் பெயரைக் கேட்பது குறைந்தது. பிறகு டேபென்டடால் என்ற பெயர் வர ஆரம்பித்தது. ட்ராமடால் இறுகியதும் இது அதன் இடத்துக்கு வந்ததை மனநல மருத்துவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் பிடிபட்டார்கள் என்ற செய்தி இன்று தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ஒன்றைப் பூட்டினால் இன்னொன்று திறக்கிறது. எது திறக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துகொள்வதுதான் கண்காணிப்பு என்ற வேலையே.

அதற்கு எங்களிடம் ஒரு பதிவேடு இல்லாமல் இல்லை. அட்டவணை எச்1 என்று சொல்வோம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்று 46 மருந்துகளோடு தொடங்கிய பட்டியல் அது. அவற்றை விற்றால் சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனியாக எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் சீட்டோடு வந்து வாங்கிப் போனவர்கள். நான் “இல்லை” என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு அதில் கட்டமே கிடையாது. புதுசாக ஊருக்குள் வருவது என்னவென்று சொல்லக்கூடியவர்களோ அந்தத் திரும்பிப் போனவர்கள்தான்.

அதனால் நானே ஒரு நோட்டு போட்டேன். யார் பெயரையும் எழுதுவதில்லை. தேதி, என்ன கேட்டார்கள், சுமாராக என்ன வயது, ஆணா பெண்ணா, எந்தப் பெயரில் கேட்டார்கள், அவ்வளவுதான். கார்த்திகை மழையில் ஊரே இருமல் மருந்து கேட்கும், அது இயல்பு. சித்திரை வெயிலில் ஒரே நாளில் மூன்று பையன்கள் வந்து ஒரே இருமல் மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் அது இயல்பல்ல. தனித்தனியாக நடந்தபோது எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. நோட்டில் வரிசையாக விழுந்தபோதுதான் தெரிந்தது. முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “இதெல்லாம் எதுக்கும்மா எழுதுற? நாளைக்கு யாராவது பாத்தா நம்ம கடையத்தான் கேப்பாங்க” என்றார். அன்றிலிருந்து நோட்டு கவுண்டரில் இருப்பதில்லை. என் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நாடு எப்படி எண்ணுகிறது என்று ஆசையாகப் போய்ப் படித்தேன். 2001இல் கணக்கெடுத்து 2004இல் வெளியிட்ட முதல் பெரிய தேசிய ஆய்வு, வீடு வீடாகப் போய் 40,697 பேரிடம் கேட்டது. அத்தனை பேரும் 12 முதல் 60 வயது வரையான ஆண்கள். பெண்களுக்கு என்று 2002இல் தனியாக இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று போதை எடுக்கும் பெண்களைப் பற்றியது. மற்றது, குடும்பத்தில் ஒருவர் போதைக்கு அடிமையானால் வீட்டுப் பெண்கள் சுமக்கிற பாரத்தைப் பற்றியது. அந்த இரண்டு அறிக்கைகளையும் எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் அமைப்பைப் பாருங்கள். பெரிய எண்ணிக்கையில் நாம் இல்லை. பக்கத்து அறிக்கையில் சுமைதாங்கியாக இருக்கிறோம். கர்ப்பத்தோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகத்தான் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். செத்த பிறகும் அவள் பெயரில் நிற்கிற கல் யாரோ ஒருவருடைய மூட்டையைத் தாங்க வேண்டும்.

அடுத்த பெரிய ஆய்வை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தியது. 2019இல் வெளியானது. 186 மாவட்டங்களில் 2 லட்சத்துக்குச் சற்று அதிகமான வீடுகள், 4,73,569 பேர். இந்த முறை பெண்களையும் கேட்டார்கள். 10 முதல் 75 வயது வரையானவர்களில் மது குடிப்பவர்கள் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம் என்று வந்தது. மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை, மயக்க மாத்திரை எடுப்பவர்கள் நாடு முழுக்க ஏறத்தாழ 1.18 கோடி பேர் என்றும் மதிப்பிட்டார்கள். குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது குடிப்பதாகச் சொன்னார்கள். பெண்களில் 0.3 சதவீதம்.

இந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. கேள்வி எங்கே நின்று கேட்கப்படுகிறது என்று மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, “நீங்கள் தூக்க மாத்திரை போடுவதுண்டா?” என்று கேட்டால், உள்ளே மாமியார் முறம் புடைக்கிற சத்தம் நின்றுவிடும். மருமகள் என்ன பதில் சொல்வாள்?

வீட்டில் கேட்டால் உண்மை வராது என்று அந்த ஆய்வை நடத்தியவர்களுக்கும் தெரியும். அதனால் இன்னொரு வழியையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். போதைக்கு அடிமையான ஒருவரைச் சந்தித்து, அவர் மூலம் அவருக்குத் தெரிந்த இன்னொருவரை, அவர் மூலம் மற்றொருவரை என்று சங்கிலி போல் போவது. ஆண்களின் உலகத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். டீக்கடை, பாலத்தடி, ஏரிக்கரை என்று அவர்கள் கூடுகிற இடம் இருக்கிறது, கூட்டாளி இருக்கிறான். அடுப்படியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டையை ஒளித்துவைத்திருக்கும் பெண்ணுக்குக் கூட்டாளி யார்? அவளிடமிருந்து எந்தச் சங்கிலியும் தொடங்காது.

அவளை எனக்குத் தெரியும். கணவன் பெயரில் எழுதிய பழைய சீட்டோடு மாதம் ஒருமுறை வருவாள். களையெடுத்துக் களையெடுத்து முதுகு போனவளும் வருவாள். சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளின் தூசியில் நாளெல்லாம் கடை போட்டு உட்கார்ந்து, ராத்திரி இருமலில் தூக்கம் வராதவளும் வருவாள். “அந்த மாத்திரயப் போட்டாத்தான்டி காலையில எந்திரிச்சு வேலைக்குப் போவ முடியுது” என்று ஒருத்தி சொன்னாள். அவளை யாரும் போதைக்காரி என்று சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லிக்கொள்ள மாட்டாள். அது கிடைக்காத நாளில் கை நடுங்குவதை அவளும் நானும் மட்டும் பார்ப்போம். அவள் வேலைக்குப் போகும்வரை வீட்டுக்கு அது ஒரு பிரச்சினை இல்லை. வேலைக்குப் போக முடியாமல் விழும் நாளில்தான் கவனிப்பார்கள்.

உலகத்தில் வேறு வழிகளும் உண்டு. அமெரிக்காவில் 1972லேயே அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருகிறவர்களை வைத்துப் போதைப் போக்கைக் கணிக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் 1997 முதல், புதிதாக ஒரு போதைப்பொருள் தென்பட்டால் நாடுகள் ஒன்றுக்கொன்று உடனே சொல்லிக்கொள்ளும் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாடு 2013இல் வந்தது. இத்தாலியில் 2005இல் போ ஆற்றின் நீரைச் சோதித்து, அந்தப் பகுதி மக்கள் எவ்வளவு கொக்கெய்ன் எடுக்கிறார்கள் என்று கணித்தார்கள். இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வருடாவருடம் சாக்கடை நீரைச் சோதிக்கிறார்கள். எந்த நாளில் எது கூடுகிறது என்பதுகூடத் தெரிகிறது. எனக்கு அதில் பிடித்த விஷயம், சாக்கடை யாருடைய பெயரையும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் கிராமத்து வீடுகளின் கழிவு செப்டிக் டேங்கோடு முடிந்துவிடுகிறது. அந்த வழி இப்போதைக்கு எங்களுக்கில்லை.

எங்களுக்கு இருப்பது பறிமுதல் கணக்கு. இத்தனை கிலோ கஞ்சா, இத்தனை அட்டை மாத்திரை, இத்தனை பேர் கைது என்று. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை கஞ்சா வேட்டை என்று பெயர் வைத்துத் தீவிரமாகத் தேடியது. அப்படித் தேடும் மாதங்களில் பிடிபடுவதும் கூடும். கூடியது பழக்கமா தேடலா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. போலீஸ் எவ்வளவு வேலை பார்த்தது என்பதற்கு அது நல்ல கணக்கு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உதட்டுக்கடியில் இப்போது எதை வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அது கணக்கில்லை.

நேரத்தோடு சேதி போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் இறந்தார்கள். முதல் சாவுகள் விழுந்த நாளில், காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்றுதான் நிர்வாகத் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதையே குடித்த செய்திகள் வந்தன. அங்கே சாராயம் விற்பது ஊரறிந்த விஷயம் என்று பெண்கள் அழுதுகொண்டே தொலைக்காட்சி மைக்குகளில் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை.

ஏன் சொல்வதில்லை என்று கேட்பவர்களுக்காக ஒரு நாளைச் சொல்கிறேன். மத்தியானம், கடையில் கூட்டமில்லை. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காலி அட்டையை எடுத்து வைத்தார். பெயர் இருக்கும் பக்கத்தைக் கிழித்திருந்தார்கள். இரண்டு எழுத்துதான் மிச்சம்.

“பாப்பா, இது என்னா மாத்திர? பய பேண்ட்டு பைக்குள்ள கெடந்துச்சு.”

“வலிக்குப் போடுறதும்மா. ஆபரேசன் பண்ணவங்களுக்கெல்லாம் குடுப்பாங்க.”

“அவனுக்கு ஒரு வலியும் இல்லயே.”

நான் உண்மையைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. நாலு மாதமாக அவருக்குத் தெரியும். பகலில் தூங்குகிறான், சோறு இறங்கவில்லை, கையை மடக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறான். எல்லாம் பார்த்திருக்கிறார், பெயர் மட்டும்தான் தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் காட்டலாம் என்றேன். போலீஸுக்குப் போகுமா என்று கேட்டார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் “நீ குடுத்த செல்லம்தான்” என்று தன் மேல்தான் விழும் என்றார். அந்த வீட்டுக்காரர் தினமும் டாஸ்மாக் கடைக்குப் போய்விட்டு வருகிறவர். அதை அந்த வீட்டில் பழக்கம் என்று சொல்வதில்லை. மகளைப் பெண் பார்க்க ஐப்பசியில் வருகிறார்கள் என்பதைக் கடைசியாகச் சொன்னார். எனக்கென்னவோ அதுதான் அவர் முதலில் சொல்ல நினைத்தது என்று பட்டது.

சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 64ஏ. போதைக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்தால்கூட, தானாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். இதை எனக்குத் தெரிந்த எளிய தமிழில் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டார், “அப்புடின்னு எழுதிக் குடுப்பாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. சில மாதம் கழித்து வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். மகள் கல்யாணம் தள்ளிப்போய்விட்டதையும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

தெரிந்துகொள்வதற்கு நானும் ஒரு விலை கொடுத்திருக்கிறேன். ஒருமுறை, மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிய இரண்டு பேர் கடை மூடும் நேரத்தில் எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். மறுநாளும் நின்றார்கள். பஸ் ஏறும்வரை பின்னாலேயே வந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் சொன்னேன். “அண்ணன் வந்து கூட்டியாரட்டும், இல்லன்னா வேலைய வுட்டுரு” என்றார்கள். முதலாளியிடம் சொன்னேன். “இனிமே நீ பகல் டூட்டியே பாரும்மா” என்றார். சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தது. பைக்கில் நின்றவர்களுக்கு எதுவும் குறையவில்லை. ஒரு பெண் ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டாள் என்றால், நம் ஊரில் அவளை அந்த இடத்திலிருந்து நகர்த்துவதுதான் எல்லோருக்கும் தோன்றுகிற தீர்வு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கண்காணிப்பு என்ற சொல் எங்கே போய் விழும் என்று நமக்குத் தெரியும். ஆண்கள் விடுதிக்குப் பின்னால் அட்டை கிடந்தால், மறுநாள் பெண்கள் விடுதியில் பையைச் சோதிப்பார்கள். பையன் பிடிபட்டால் அறிவுரை, பெண் பிடிபட்டால் டி.சி. ஒரு பெண்ணின் பையில் மாத்திரை இருந்தால் அது உடம்புப் பிரச்சினையாகப் பார்க்கப்படாது, நடத்தைப் பிரச்சினையாகிவிடும். அப்புறம் அவள் எங்கே போய் உதவி கேட்பாள்?

1986இல் சென்னையில் நடந்ததை மருத்துவம் படிப்பவர்கள் பெருமையோடு படிக்கிறார்கள். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள், பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். நாட்டில் அப்படி ஒன்றே இல்லை என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார்கள். அந்தத் துணிச்சலால் ஒரு நாடு விழித்துக்கொண்டது. ஆனால் அந்த ரத்தம் யாருடையது? பாலியல் தொழிலில் இருந்து பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. செய்தி நாட்டை அடைந்தது. அந்தப் பெண்களின் வாழ்க்கை என்ன ஆனது என்று நம் பாடப்புத்தகங்கள் கேட்பதில்லை. முதலில் எண்ணப்படுகிறவர்களுக்கு அந்த எண்ணிக்கையால் என்ன கிடைத்தது என்று நாம் கேட்க வேண்டும்.

பெண்கள் கூடிச் செய்த வேறு கதைகளும் உண்டு. 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில், அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு போராட்டமாகி, அடுத்த வருடமே மாநிலம் முழுக்கச் சாராயத்தைத் தடை செய்ய வைத்தது. எழுத்துக் கற்றுக்கொள்ள ராத்திரியில் கூடி உட்கார ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். தனித்தனி அடுப்படியில் தெரிந்திருந்தது அங்கே ஒன்றாகச் சேர்ந்தது. மணிப்பூரில் எழுபதுகளில் பெண்கள் இரவு ரோந்து போய்க் குடியையும் போதையையும் தடுத்தார்கள். பின்னாளில் தீப்பந்தம் ஏந்திய மெய்ரா பைபி இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் அதே மணிப்பூரில் போதை எடுத்தவர்களை ஊர் நடுவே அவமானப்படுத்திய காலமும் இருந்தது. அவமானத்துக்குப் பயந்தவர்கள் ஒளிந்தார்கள். ஒளிந்து ஊசியைப் பகிர்ந்தார்கள். அந்த மாநிலத்தில் எய்ட்ஸ் அப்படித்தான் வேகமாகப் பரவியது.

இந்தக் கதைகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆளைக் கண்டுபிடிப்பது வேறு, போக்கைக் கண்டுபிடிப்பது வேறு. “அந்த வீட்டுப் பையன்” என்று சொல்லத்தான் நமக்கு இடம் இருக்கிறது. 10581 என்ற எண்ணுக்குப் போன் செய்து விற்பவனைப் பற்றிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 14446 என்ற எண்ணில் மீட்புக்கு உதவி கேட்கலாம். ஆனால் “எங்கள் பக்கத்தில் இந்த மாதம் புதிதாக இதைக் கேட்கிறார்கள்” என்று யார் பெயரும் இல்லாமல் சொல்ல எனக்குத் தெரிந்து ஓர் இடம் இல்லை. ஒரு பெயரைச் சொன்னால்தான் சேதியாகும் என்றால், பெற்றவள் சொல்ல மாட்டாள்.

இது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். திண்ணை தாண்டி உள்ளே போகிறவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணில் படுவது அத்தனையும் இப்போது அவர்களோடு போய்விடுகிறது. ஒன்றியத்துக்கு ஒன்று என்று மாதம் ஒருமுறை ஒரு மத்தியானம் இந்தப் பெண்களும், கிராம சுகாதார செவிலியரும், தூய்மைப் பணியாளர்களும், மெடிக்கல் கடைப் பெண்களும், இரண்டு பள்ளி ஆசிரியைகளும் உட்கார்ந்தால் போதும். பெயர் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. சேர்ந்த சேதி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து பதிலும் எங்களுக்குத் திரும்பி வர வேண்டும். இது என்ன மாத்திரை, உடம்பை என்ன செய்யும், மயங்கி விழுந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று. சேதி மேலே போய்க்கொண்டே இருந்து கீழே எதுவும் வராவிட்டால், அது எங்களைச் சம்பளமில்லாத ஒற்றர்களாக்கும் வேலை. அந்த மத்தியானத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெண்கள் செய்வதால் சேவை என்று பெயர் வைத்துவிடக் கூடாது.

இதைப் படிக்கிறவர்களில் பார்மசி படிக்கும் தங்கைகள் இருப்பீர்கள், சமூகப் பணி படிப்பவர்கள் இருப்பீர்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று கேளுங்கள். பெண்களிடம் கேட்கும்போது வீட்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாயடியிலோ நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலோ கேளுங்கள். “உங்களுக்குப் பழக்கம் உண்டா” என்று தொடங்காதீர்கள். “ராத்திரி தூங்க முடிகிறதா” என்று தொடங்குங்கள்.

என் நோட்டில் போன மாதம் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். இதுவரை நான் கேள்விப்படாத ஒரு பெயர். கம்பெனி பெயரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை, பையன்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர் போல இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஒருவன் கேட்டான், பத்தொன்பது வயது இருக்கலாம். அடுத்த வியாழக்கிழமை ஒரு பெண் கேட்டாள், காலேஜ் பை மாட்டியிருந்தாள். என்ன அது என்று கேட்டேன். “ஒண்ணுமில்லக்கா” என்று போய்விட்டாள். பக்கத்துக் கடைகளில் நிற்கும் தோழிகள் இரண்டு பேரிடம் விசாரித்திருக்கிறேன். ஒருத்தி தனக்கும் அந்தப் பெயர் காதில் விழுந்ததாகச் சொன்னாள்.